துவைத்துக் கொடுத்த மடிக்கணினி

சவரிமுத்துவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தபோது, திருத்துறைப்பூண்டியில் என் கடையில் ஒரு பம்புசெட் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். கையெல்லாம் வார்னிஷ். முழங்கையால் போனைத் தட்டி ஸ்பீக்கரில் போட்டு, எடுத்தவுடன் ஏச ஆரம்பித்தேன்.

"என்ன சவரி, நேத்தே கொண்டாரேன்னியே? மேட்டூரு தொறந்தாச்சு. தண்ணி வந்து வாசல்ல நிக்கும்போதுதான் குடுப்பியா?"

 மறுமுனையில் ஒரு பெண் குரல்.

"அண்ணே, நான் ஸ்டெல்லா."

சவரியின் மனைவி. அதற்குமேல் அந்தப் பெண் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காய்ச்சல் என்று தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் சேர்த்திருந்தார்களாம், அங்கேயே போய்விட்டார். எனக்குத் தெரியாது. காய்ச்சல் என்று சொன்னால் நான் வேலையைக் கேட்க மாட்டேன் என்று சொல்லாமல் இருந்திருப்பார். நான் ஏசியதை எல்லாம் ஸ்டெல்லா கேட்டுவிட்டார்.

சவரிமுத்துவை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் அதிகம் பேர் இல்லை. அவர் கட்டிய திரையை அண்ணாந்து பார்த்தவர்கள் நிறையப் பேர் உண்டு. அதைக் கட்டியவர் யார் என்று அவர்களில் பெரும்பாலோர் கேட்டதில்லை.

அவர் தஞ்சாவூரில் ஒரு தனியார் கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் உதவியாளர். நான் மோட்டார் காயில் கட்டுபவன். நாற்பது வயதுக்கு மேல், பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு நானே நிரல் எழுதக் கற்றேன். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் யாருக்கும் நன்றி சொல்லிப் பழக்கமில்லை. சவரிக்கும் சொன்னதில்லை. அவரும் எதிர்பார்த்ததில்லை.

அவர் முதன்முதலில் என் கடைக்கு வந்தது ஒரு மேசை விசிறிக்குக் காயில் கட்டத்தான். அவருடைய மாமனார் வீடு எங்கள் ஊர்ப் பக்கம். வேலை மேசையில் இருந்த என் கணினித் திரை முழுக்கச் சிவப்பு வரிகள். வாய்க்கால் தண்ணீரை யாருக்கு எப்போது விடுவது என்று கணக்குப் போடும் நிரல் ஒன்றை நான் எழுதி வைத்திருந்தேன். அது கறுப்புத் திரையில் வெறும் எழுத்தாக விடை சொல்லும். எனக்கோ அதை ஒரு ஜன்னலில் படமாகக் காட்ட வேண்டும். வாய்க்காலை வரைய வேண்டும், வயல்களை வரைய வேண்டும். அதற்கான சாமான்களை எல்லாம் கணினியில் ஏற்றியிருந்தேன். ஒன்றும் ஒன்றோடு சேரவில்லை.

"என்னண்ணே, கம்ப்யூட்டரு ஒங்கள இந்தத் திட்டு திட்டுது?"

"அது எங்க திட்டுது? நான்தான் அதத் திட்டிக்கிட்டு இருக்கேன்."

"நவுருங்க, பாப்போம்."

நின்றபடியே குனிந்து பார்த்தார். சிரித்தார்.

"கம்பைலரு இருக்கு. ஜன்னலு வரையுற நூலகமும் இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல நீங்க வாய்க்கா வெட்டலியே. அப்பறம் தண்ணி எப்புடிண்ணே வரும்?"

நூலகம் எந்த இடத்தில் இருக்கிறது என்று கம்பைலருக்குச் சொல்லும் ஒரு வரியைத் தட்டினார். பழைய பிழை போய், பக்கம் பக்கமாகப் புதிய பிழைகள் வந்தன. நான் தலையில் கை வைத்தேன். "மொத வரிய மட்டும் படிங்க" என்றார். "மத்ததெல்லாம் அது பெத்த புள்ளைங்க." அன்று மாலைக்குள் ஒரு நீலக்கோடு திரையில் ஓடியது. எங்கள் வாய்க்கால். சவரி விசிறியை மறந்துவிட்டு பஸ் ஏறிப் போனார். அந்தக் கோடையை ஸ்டெல்லா விசிறி இல்லாமல் கழித்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

இந்த வேலை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நிரல் எழுதுவது வேறு, நிரல் எழுதுவதற்கான இடத்தைத் தயார் செய்வது வேறு. நாம் எழுதியதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றிக் கட்டுவது கம்பைலர். ஜன்னல், பொத்தான், கோடு, கட்டம் எல்லாவற்றையும் வரைந்து தருவது நூலகம். இரண்டும் ஒரே காலத்தவையாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் புதிதானால் மற்றது அதை முன்பின் பார்த்திராதது போல நடந்துகொள்ளும். இதற்குமேல் தமிழ். எழுத்தைப் பெரிதாக்கினால் அந்த நூலகம் கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் பிரித்துப் போட்டது. சவரி நூலகத்தின் உள்ளேயே கைவைத்து அதைச் சரிசெய்து, தனக்கென்று ஒன்றைக் கட்டிக்கொண்டார். அப்படிச் சரிசெய்யப்பட்ட நூலகம் உலகத்தில் ஒன்றே ஒன்று, அவருடைய மடிக்கணினியில்.

நிரலுக்கு 'முறை' என்று பெயர் வைத்தோம். முத்துப்பேட்டைப் பக்கம் போகிற ஒரு வாய்க்காலின் கடைசி ஊரில், பாசனச் சங்க அலுவலகத்தில் அதை வைத்தோம். தண்ணீர் குறைவான காலத்தில் வயல்களுக்கு முறை வைத்துத்தான் விடுவார்கள். அந்த முறையை அதுவரை யார் தீர்மானித்தார்கள் என்று டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சத்தமாகப் பேசுகிறவர்கள் தீர்மானித்தார்கள். சவரி பெரிய திரை ஒன்றை வாங்கி, தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்தார். நீலக்கோட்டின் இரு பக்கமும் கட்டங்கள். யாருக்கு முறையோ அந்தக் கட்டம் பச்சையாகும். பெயர் தெருவிலிருந்தே படிக்கலாம் என்கிற அளவுக்குப் பெரிதாக வரும்.

கடைசிக் கட்டம் பாக்கியத்துடையது. கணவர் இல்லாமல் தனியாக வெள்ளாமை செய்கிறவர். முதல் நாள் வாசலில் நின்று திரையை நெடுநேரம் பார்த்தார்.

"இது யாரு சொல்றதுங்க?"

"கணக்கு சொல்லுதுக்கா" என்றார் சவரி.

"யாரு வூட்டுக் கணக்கு?"

"யாரு வூட்டுதும் இல்ல."

"அப்பச் சரி."

வாய்க்காலின் தலைப்பில் வயல் வைத்திருக்கும் தலைமடைக்காரர் ஒருவர் பின்னாலிருந்து, "பொட்டியில பச்சையாத் தெரிஞ்சாப் போதுமா? பயிரு பச்சையா இருக்க வேணாமா?" என்றார். பாக்கியம் திரும்பவே இல்லை. "ஒங்க பயிரு பச்சையாத்தான் இருக்கு. எம் பேரு பச்சையா வந்தாத்தான் ஒங்களுக்குக் கண்ணு உறுத்துது." தெருவே சிரித்தது. அந்தப் பட்டத்தில் பாக்கியத்தின் வயலுக்கு முறைப்படி தண்ணீர் போனது. அதற்கு முன் அப்படிப் போனதாக ஊரில் யாருக்கும் நினைவில்லை.

வயல்களின் வரிசையை முதலில் தனிக் கோப்பில் வைத்திருந்தோம். நிரல் அதைப் படித்துக் காட்டும். அடுத்த ஆண்டே அலுவலகத்துக்குள் போய் யாரோ அந்தக் கோப்பைத் திறந்து, சில வயல்களை முன்னுக்கு நகர்த்திவிட்டார்கள். யார் என்று ஊருக்கே தெரியும். எழுத மாட்டேன். சவரி அன்று கோபப்பட்டதைப் போல் அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. மடிக்கணினியைத் திறந்து, வரிசையை நிரலுக்குள்ளேயே வைத்துக் கட்டிவிட்டார்.

"கோப்புல கெடந்தா எவன் வேணாலும் திருத்துவான்ணே. உள்ள வச்சுக் கட்டிட்டா, திருத்தணும்னா நம்மகிட்டத்தான் வரணும்."

"ஒரு வயலு கை மாறுனாக்கூட மறுபடி கட்டணுமே?"

"கட்டுறேன். எனக்கு வேற என்ன வேல?"

என் கடைக் கணினியிலும் அதே ஏற்பாட்டைச் செய்து கொடு என்று எத்தனையோ தரம் கேட்டேன். மாட்டேன் என்றார். "ரெண்டு எடத்துல கட்டுனா ரெண்டு முறை ஆயிரும். இது அண்ணன் கட்டுனது, இது சவரி கட்டுனதுன்னு பிரிப்பானுங்க. அன்னிக்கே சண்டை." நான் கணக்குப் பகுதியை எழுதி பென் டிரைவில் கொடுப்பேன். அவர் ஜன்னல் பகுதியோடு சேர்த்துக் கட்டிக் கொண்டுவருவார். நகல் ஒன்றைத் தனி டிஸ்கில் வைத்திருந்தார். அந்த டிஸ்க்கும் மடிக்கணினிப் பையிலேயே இருந்தது.

இறந்தவரைக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். சொல்வேன். நான் கேட்டது சரி, அவர் மறுத்தது தவறு. அவர் சொன்ன காரணம் நியாயமாக இருந்தது என்பது என் கோபத்தைக் கூட்டுகிறதே தவிரக் குறைக்கவில்லை.

ஒரு முறை தஞ்சாவூரில் நடந்த கூட்டத்தில் இதைக் காட்டினோம். படித்த பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஒருவர் கேட்டார்: "சார், இத போன்ல ஒரு ஆப்பாப் பண்ணிடலாமே? டெஸ்க்டாப்புக்கெல்லாம் இப்ப யாரு சார் எழுதுறா?" நான் பதில் சொல்லியிருந்தால் கூட்டம் கலைந்திருக்கும். சவரி பொறுமையாகச் சொன்னார்: "போன்ல வந்தா அவங்கவங்க தனியாப் பாப்பாங்க தம்பி. திரையில வந்தா எல்லாரும் ஒன்னா நின்னு பாப்பாங்க. ஒன்னாப் பாத்ததை அப்பறம் யாரும் இல்லேன்னு சொல்ல முடியாது." அவர் சொன்னதில் நான் இன்றுவரை மறுக்காத ஒன்று அது.

இந்தக் கோடையில் அந்த வாய்க்காலின் மதகை இடித்து வேறு இடத்தில் கட்டினார்கள். இரண்டு கிளைகளில் ஒன்றை மூடி மற்றதோடு சேர்த்துவிட்டார்கள். அதற்கேற்ப வரிசையை மாற்றி, தண்ணீர் வருவதற்குள் கட்டித் தர வேண்டும் என்பதுதான் சவரி கையில் இருந்த வேலை. முடித்தாரா, பாதியில் விட்டாரா, எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை.

தேவாலயத்தில் நடந்த அடக்கப் பூசையில் அவரைப் பற்றிச் சொன்னபோது, கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்து வந்தவர் என்றார்கள். நான் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன். கோயிலில் அப்படி எழுந்து பேசும் வழக்கம் இல்லை. முன்வரிசையிலிருந்து ஸ்டெல்லா திரும்பிப் பார்த்தார். உட்கார்ந்தேன். அந்த வாக்கியத்தைத் திருத்தாமல் அவரை மண்ணுக்குள் வைத்தோம்.

மடிக்கணினியைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்த வீட்டில் போய் அப்போது எப்படிக் கேட்பது? முப்பதாம் நாள் பூசை முடியட்டும் என்று இருந்தேன். அதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. அலுவலகத் திரையில் பழைய முறைதான் ஓடியது. முதல் நாளே, மூடிப் போட்ட கிளையில் இருக்கிற வயலைப் பச்சையாகக் காட்டியது. "ஒங்க கம்ப்யூட்டரு செத்த வாய்க்காலுக்குத் தண்ணி விடுதுங்க" என்று யாரோ கத்தினார்கள். சங்கச் செயலாளர் கோவிந்தராசு திரையை அணைத்துவிட்டார். முறையை இனி போனில், வாட்சப் குழுவில் போடுவதாகச் சொன்னார். பாக்கியத்திடம் அந்த மாதிரிப் போன் கிடையாது. தண்ணீர் கிடைக்காமல் அவருடைய நாற்று நாற்றங்காலிலேயே முற்றிப்போனது. குறுவை நடவில்லை.

முப்பதாம் நாள் சாப்பாடு முடிந்ததும் ஸ்டெல்லாவிடம் போனேன்.

"அம்மா, சவரியோட லேப்டாப்பு இருந்துச்சே, அது கொஞ்சம் வேணும்."

"அதைக் குடுத்துட்டோமேண்ணே."

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். முப்பதாம் நாளுக்குள் இறந்தவருடைய துணிமணிகளைத் துவைத்து, மடித்து, இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். துவைக்காமல் கொடுப்பதில்லை. போனவரின் வியர்வையோடு இன்னொருவர் கைக்கு எதுவும் போகக்கூடாது. சட்டை, வேட்டி, போர்வை எல்லாம் போயிருந்தன. மடிக்கணினி, அவர்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்த, புதிதாகக் கல்லூரி சேர்ந்திருந்த ஓர் ஏழைப் பெண்ணுக்குப் போயிருந்தது.

"அதையும் அப்புடியே குடுக்கலண்ணே" என்றார் ஸ்டெல்லா. "கடையில குடுத்து, உள்ள இருக்கிறதெல்லாம் சுத்தமா அழிச்சு, புதுசு மாதிரி பண்ணித்தான் குடுத்தோம்."

"பையில ஒரு டிஸ்க்கு இருந்துச்சேம்மா?"

"அதையும்தான். அவரோடது ஏதாவது உள்ள கெடந்தா அந்தப் புள்ளைக்குச் சங்கடமா இருக்கும்ல? அவருக்கும்தான் மரியாதையா இருக்காது."

 என் முகத்தைப் பார்த்ததும் ஸ்டெல்லாவின் முகம் மாறியது.

"நான் ஏதும் தப்பாப் பண்ணிட்டேனாண்ணே?"

"இல்லம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது?

அந்தப் பெண் நல்ல பிள்ளை. கேட்டதும் மடிக்கணினியையும் டிஸ்கையும் எடுத்துக் கொடுத்தது. அழித்ததை மீட்டுத் தருகிற கடைக்குக் கொண்டுபோனேன். வெறுமனே அழித்திருந்தால் பார்க்கலாம், மேலேயும் எழுதி நிரப்பிவிட்டார்கள், ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். அவ்வளவு அக்கறையாகத் துவைத்திருந்தார்கள்.

அன்றிலிருந்து நானே அந்த ஏற்பாட்டைச் செய்து பார்க்கிறேன். கணக்குப் பகுதி என்னிடம் இருக்கிறது. ஜன்னல் பகுதியில் பழைய துண்டுகள் சில இருக்கின்றன. அவர் கைவைத்துத் திருத்திய பழைய நூலகத்தின் அசலைக்கூட இப்போது எங்கும் இறக்க முடியவில்லை. இணையத்தில் அதை வைத்திருந்த இடத்தையே மூடிவிட்டார்கள். புதிய கம்பைலர் எங்கள் பழைய வரிகளை ஏற்க மறுக்கிறது. புதிய நூலகமோ, நாங்கள் கூப்பிடும் வேலைகளை எல்லாம் கைவிட்டாயிற்று என்கிறது. முதல் பிழையைச் சரிசெய்தால் இன்னொன்று முதல் பிழையாகிறது. என்னைவிட வயதில் குறைந்தவர்கள் வந்து பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் போனுக்குப் புதிதாக எழுதுங்கள் என்கிறார்கள். மாட்டேன். அதைச் செய்வதற்கு நான் தேவையில்லை, கோவிந்தராசுவின் வாட்சப் குழுவே போதும்.

ஒரு நாள் காலை ஒரு ஜன்னல் திறந்தது. சாம்பல் நிறம், உள்ளே ஒன்றும் இல்லை. அதில் பெயர்களை எழுதச் சொன்னேன். பாக்கியம் என்று சரியாக வந்தது. கோவிந்தராசு பிய்ந்து வந்தது. கடைக்கு வந்திருந்த கோவிந்தராசு எட்டிப் பார்த்து, "என்னங்க இது, என் கொம்பு தனியா, கால் தனியா நிக்கிது?" என்று சிரித்தார். நானும் சிரித்திருக்கலாம். வாய்க்காலை வரையச் சொன்னபோது ஜன்னல் மூடிக்கொண்டது. இதை எழுதும் வரை நிலைமை அதுதான்.

சம்பாவுக்கு முறை வைத்தபோது, கணக்கைக் கையாலேயே போட்டுக்கொண்டு ஊருக்குப் போனேன். அலுவலக வாசலில் நின்று, இன்னாருக்குப் பின் இன்னார் என்று சத்தமாகப் படித்தேன். பாக்கியம் பெயர் வந்ததும் கூட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"நீங்க எந்தத் தெருங்க? அந்தம்மாவுக்கு நீங்க என்ன வேணும்?"

கணக்கைக் காட்டினேன். யார் எழுதிய கணக்கு என்று கேட்டார்கள். நான் எழுதியது என்றேன். அதற்குமேல் நான் சொன்னதைக் கேட்க அங்கே ஆள் இல்லை. தண்ணீர் அது போக நினைத்த பக்கம் போனது.

பாக்கியம் பஸ் நிறுத்தம் வரை கூட நடந்து வந்தார்.

"நீங்க இனிமே வராதீங்க. பெரியவரு, ஒங்களைப் போயி வாய்க்கு வந்தபடி பேசுறானுங்க."

"கணக்கு சரியாத்தாம்மா இருக்கு."

"இருக்கட்டும். நீங்க சொன்னா நீங்க யாருன்னு கேப்பானுங்க. அந்தப் பொட்டி சொன்னப்ப, நீ எந்தத் தெருன்னு அதை யாரும் கேக்கல. அதைச் செஞ்ச தம்பி போயிட்டாருல்ல, அவ்வளவுதான்." பிறகு, நான் பஸ்ஸில் ஏறும்போது, "வயலைக் குத்தகைக்கு விட்டுட்டேன்" என்றார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. தலைமடைக்காரர்களில் ஒருவருக்குத்தான் இருக்கும்.

சவரிமுத்துவின் புகைப்படம் என்னிடம் இல்லை. நாங்கள் சேர்ந்து படம் எடுத்துக்கொள்கிறவர்கள் இல்லை. என்னிடம் இருப்பது, நான் எழுதிய கணக்குக் கோப்புகளைப் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரும்போது அவர் இடையிடையே தட்டி வைத்த குறிப்புகள். நிரலுக்குள் மனிதர்கள் மனிதர்களுக்காக எழுதும் வரிகள் அவை. கம்பைலர் அவற்றைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். "அண்ணே, இங்க பூஜ்யம் வந்தா வெடிச்சிரும்." "அண்ணே, இது அழகா இருக்கு, யாருகிட்டயும் சொல்லிராதீங்க." கடைசியாகத் திருப்பித் தந்த கோப்பில், வரிசை தொடங்கும் இடத்துக்கு மேலே ஒன்று இருக்கிறது. "அண்ணே, மதகு மாறுனதும் இதை மாத்தணும். நீங்க கை வைக்காதீங்க. நான் வந்து பாத்துக்குறேன்."

அதற்குக் கீழே இருந்த வரிசையை நான் மாற்றிவிட்டேன். அந்த வரியை மட்டும் அழிக்கவில்லை. மதகு மாறிவிட்டது, சவரி.